வரைபடம் வெறுமையாக இருந்தால் சர்வர் நின்றுவிட்டது என்று அர்த்தமா?

(பழைய மாணவர் சங்க ஆண்டு சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு, அது முடிந்த கையோடு என்னைப் பேச நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணைச் சொருகினால் தப்பில்லை. நானும் இந்த ஹாலில் உட்கார்ந்து தூங்கியவன்தான். செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "பெரிய விஷயமெல்லாம் வேண்டாம் தம்பி, நீ தினமும் செய்கிற வேலையிலிருந்து பசங்களுக்கு உபயோகமாக ஒன்று சொல்லு, போதும்" என்றார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ரொம்பச் சின்ன விஷயம் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன்.

மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பதினைந்து வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. மெயில் சர்வர் ஓடுகிற இடத்தில் அதைக் கண்காணிக்க ஒரு மென்பொருளும் இருக்கும். எத்தனை மெயில் வந்தது, எத்தனை போனது, எத்தனை திரும்பி வந்தது, எத்தனை குப்பை என்று நிமிஷக் கணக்கில் எண்ணிப் படம் போட்டுக் காட்டும். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் படத்தில் கட்டம் மட்டும் இருக்கும். அடியில் மணி இருக்கும், பக்கத்தில் எண் இருக்கும், நடுவில் கோடு இருக்காது. இந்த வெறும் கட்டத்தை எப்படிப் படிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அதைத் தப்பாகப் படித்ததால் ஒரு பையனுக்கு வேலை போக இருந்தது. அந்தக் கதையை நடுவில் சொல்கிறேன், அதுவரைக்கும் விழித்திருங்கள்.

பூஜ்யம் வேறு, வெறுமை வேறு

நம் கல்லூரி வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பெயருக்கு நேரே ஒரு தேதியில் ஆப்சென்ட் என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்? ஆசிரியர் வந்தார், பெயரைக் கூப்பிட்டார், ஆள் இல்லை. அதே கட்டத்தில் ஒன்றுமே எழுதாமல் இருந்தால்? அன்றைக்கு ஆசிரியர் லீவா, ஸ்ட்ரைக்கா, பதிவேடு ஸ்டாஃப் ரூமிலேயே தங்கிவிட்டதா, யாருக்குத் தெரியும்? பையன் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். 75 சதவீதக் கணக்குப் போடும்போது அந்தக் காலிக் கட்டத்தையெல்லாம் ஆப்சென்ட் என்று எண்ணினால் ஹாஸ்டலே திரண்டு வந்து முதல்வர் அறை முன்னால் நிற்கும். நிற்க வேண்டியதும் நியாயம்தான்.

வரைபடத்திலும் அதே கதை. இப்படிப்பட்ட கண்காணிப்பு மென்பொருள்கள் பலவற்றுக்கு அடியில் இருப்பது ஆர்ஆர்டிடூல் என்ற ஒரு கருவி. ஸ்விட்சர்லாந்துக்காரரான டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதியது. 1995-ல் எம்ஆர்டிஜி என்ற பெயரில் நெட்வொர்க் போக்குவரத்தை வரைய ஒரு நிரல் எழுதினார். நம் நாட்டில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்ததும் அதே 1995-ல்தான், ஆகஸ்ட் 15 அன்று. முன் வரிசையில் இருக்கிற அண்ணன்மார்களுக்கு அந்த மோடம் சத்தம் ஞாபகம் இருக்கும். 1999-ல் ஓட்டிக்கர் அந்த நிரலின் சேமிப்புப் பகுதியையும் வரையும் பகுதியையும் புதிதாக எழுதி ஆர்ஆர்டிடூல் என்று வெளியிட்டார். முனின், காக்டி, மெயில் சர்வருக்கென்றே டேவிட் ஷ்வைக்கர்ட் எழுதிய மெயில்கிராப் எல்லாம் அதன் மேல் நிற்பவை.

அதன் சேமிப்புக் கோப்பு விசித்திரமானது. பிறக்கும்போது என்ன அளவோ, கடைசி வரைக்கும் அதே அளவுதான். வட்டமாக அடுக்கிய அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அறை நிரம்பினால் மறுபடி முதல் அறையிலிருந்து பழையதை அழித்து எழுதும். பழைய விவரங்களுக்குச் சராசரி மட்டும் வேறு அடுக்குகளில் மிஞ்சும். ஒவ்வோர் அறையிலும் ஓர் எண் இருக்கும், இல்லையென்றால் 'தெரியாது' என்ற குறி இருக்கும். ஆங்கிலத்தில் 'நாட் எ நம்பர்' என்பதன் சுருக்கமாக என்ஏஎன் என்று காட்டும்.

பூஜ்யம் இருந்தால், தரையோடு ஒட்டியபடி கோடு வரையும். 'தெரியாது' இருந்தால் எதையும் வரையாது. பூஜ்யம் என்றால் "எண்ணிப் பார்த்தேன், மெயில் எதுவும் இல்லை." வெறுமை என்றால் "நான் எண்ணவே இல்லை." இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அவசரத்தில் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. சில நிரல்கள் இடைவெளியைப் பின்னால் தாங்களே பூஜ்யம் போட்டு நிரப்பிவிடும். எண்ணாத நேரத்தையும் "இல்லை" என்று எழுதிவைக்கும். உங்கள் நிரலுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நடுவிலிருந்து தேடுங்கள்

ஒரு மெயில் போய், அது படத்தில் கோடாக வருவதற்கு ஆறு கை மாறுகிறது. மெயில் சர்வர் ஒன்று. அது நடந்ததை வரி வரியாக எழுதிவைக்கிற லாக் கோப்பு இரண்டு. லாக்கைப் படித்து எண்ணுகிற நிரல் மூன்று. எண்ணியதைச் சேமிக்கிற ஆர்ஆர்டி கோப்பு நான்கு. அதிலிருந்து படம் வரைவது ஐந்து. அந்தப் படத்தைப் பிரவுசருக்குக் கொடுக்கிற வெப் சர்வர் ஆறு. எந்தக் கை நழுவினாலும் கடைசியில் தெரிவது வெறும் கட்டம்தான்.

பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? முதலில் ரீஸ்டார்ட். அதற்கும் மசியாவிட்டால் ஆர்ஆர்டி கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவது. சில நேரம் படம் வந்துவிடும், ஆனால் ஒரு வருஷத்துச் சரித்திரம் போயிருக்கும். ஏன் நின்றது என்பதற்கான சாட்சியும் கூடவே போயிருக்கும். ஆகையால் எதையும் தொடுவதற்கு முன்னால் அந்தக் கோப்பை இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். சின்னக் கோப்பு, ஒரு நொடி வேலை.

அடுத்து, ஆறில் நான்காவது கையிடம் போய்க் கேளுங்கள். ஆர்ஆர்டிடூலில் 'லாஸ்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று சொல்லும். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நொடிக் கணக்காக ஒரு நீள எண் வரும், அதைத் தேதியாக மாற்றிக்கொள்ள வேண்டும். 'ஃபெட்ச்' என்று இன்னொரு கட்டளை. குறிப்பிட்ட நேரத்து அறைகளில் என்ன இருக்கிறது என்று அப்படியே கொட்டும். கடைசியாக எழுதியது இரண்டு நிமிஷத்துக்கு முன்னால், அறைகளில் எண்களும் இருக்கின்றன என்றால் முதல் நான்கு கைகளும் சுத்தம். கோளாறு வரைவதில் அல்லது காட்டுவதில். எழுதியது நேற்று ராத்திரியோடு நின்றிருந்தால் கோளாறு அதற்கு முன்னால். ஒரே கேள்வியில் பாதிப் பாதை கழிந்துவிட்டது. கரண்ட் போன வீட்டில் மெயின் போர்டில் முதலில் டெஸ்டர் வைத்துப் பார்க்கிற எலக்ட்ரீசியன் மூளைதான் இது.

எழுதுவது நின்றிருந்தால்

இந்தப் பக்கத்துக் கோளாறுகளை, வெறுமை எந்த நேரத்தில் ஆரம்பித்தது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

டெபியன் லினக்ஸில் பல வருஷமாகத் தினசரி வேலைகள் காலை 6.25-க்கு நடக்கும்படி வைத்திருந்தார்கள். லாக் கோப்பைச் சுழற்றுவதும் அதில் ஒன்று. பழைய கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் புதுக் கோப்பு தொடங்கும். எண்ணுகிற நிரல் பழைய கோப்பையே கையில் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்குப் புது வரிகள் தெரியாது. ஆகவே வெறுமை 6.25-க்கு ஆரம்பித்தால் சுழற்சியைச் சந்தேகப்படுங்கள். புது டெபியனில் இந்தச் சுழற்சி நள்ளிரவுக்கு மாறிவிட்டது, 12 மணி வெறுமையையும் அப்படியே பாருங்கள்.

படத்தின் வலது ஓரத்தில் சரியாக ஐந்தரை மணி நேரம் காலி, அதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். லாக் எழுதுகிறவர் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறார், படிக்கிறவர் அதை இந்திய நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்.

நேரத்தால் வருகிற இன்னொரு கோளாறு இதைவிட மோசம். சர்வரின் கடிகாரம் எப்போதோ ஒரு தரம் முன்னோக்கித் தாவி, அடுத்த வருஷத் தேதியைக் காட்டிவிட்டுத் திரும்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருந்தால் தீர்ந்தது. ஆர்ஆர்டி கோப்பு கடைசியாக எழுதிய நேரத்துக்குப் பிந்தியதை மட்டும்தான் ஏற்கும். இன்றைய எண்களை எல்லாம் "இது பழசு" என்று தள்ளிக்கொண்டே இருக்கும். 'லாஸ்ட்' கட்டளை எதிர்காலத் தேதியைச் சொன்னால் நோய் அதுதான்.

அனுமதியையும் பாருங்கள். டெபியனில் மெயில் லாக்கை அதன் சொந்தக்காரரும் 'ஏடிஎம்' என்ற குழுவில் இருப்பவர்களும்தான் படிக்க முடியும். எண்ணுகிற நிரல் வேறு பெயரில் ஓடினால் வாசலிலேயே நிற்கும். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பிய டிஸ்கில் லாக்கும் எழுதாது, ஆர்ஆர்டியும் எழுதாது.

பிறகு, அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கிற விதிகள். 'இன்ஃபோ' என்ற கட்டளை காட்டும். 300 நொடிக்கு ஒரு தரம் எண் வர வேண்டும், 600 நொடி வரை பொறுப்பேன் என்று அதில் எழுதியிருக்கும். சர்வருக்குப் பாரம் அதிகம் என்று யாராவது நல்ல எண்ணத்தில் கிரான் வேலையைப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறையாக மாற்றினால், வருகிற எண்ணையெல்லாம் 'தெரியாது' என்றே அது குறித்துக்கொள்ளும். எழுதுகிறது, ஆனால் காலி. அதேபோல உச்ச அளவு என்று ஒன்றும் உண்டு. நிமிஷத்துக்கு 1000 மெயிலுக்கு மேல் வராது என்று ஆரம்பத்தில் யாரோ வைத்திருப்பார்கள். ஒரு நாள் 1200 வந்தால் அதை நம்பாமல் 'தெரியாது' ஆக்கிவிடும். சர்வர் ரொம்ப பிசியாக இருந்த நேரம் பார்த்துப் படம் காலியாக இருக்கும்!

கடைசியாக, லாக் எழுதுகிற முறையே மாறிவிட்டால்? சிஸ்லாக் என்ற முறையை எண்பதுகளில் பெர்க்லியில் சென்ட்மெயில் வேலையின் பகுதியாக எரிக் ஆல்மன் உருவாக்கினார். அதன் பழைய பாணியில் வரியின் தொடக்கத்தில் மாதம், தேதி, மணி இருக்கும். வருஷம் இருக்காது. ஆயிரக்கணக்கான நிரல்கள் இந்த வடிவத்தை நம்பி எழுதப்பட்டன. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இரண்டு மாற்றங்கள். ஒன்று, புதிதாக நிறுவும்போது ஆர்சிஸ்லாக் தானாக வராது. லாக் எல்லாம் சிஸ்டம்-டியின் ஜர்னலுக்குள் போய்விடும், மெயில் லாக் என்ற உரைக் கோப்பே இருக்காது. இரண்டாவது, பழைய இயந்திரத்தை மேம்படுத்தியவர்களுக்கு ஆர்சிஸ்லாக் இருக்கும், ஆனால் அது தேதி எழுதும் பாணி மாறியிருக்கும். வருஷத்தில் ஆரம்பித்து, நொடியின் பின்னம் வரை போய், உலக நேரத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பதையும் சேர்த்து எழுதும். நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய வடிவத்தை எதிர்பார்க்கிற நிரலுக்கு அது புரியாது.

ஒரு ராத்திரி ஷிப்ட்

இப்போது அந்தப் பையன் கதை. டெபியன் 12 வந்த பிறகு நடந்தது. எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது வேண்டாம். "மெயில் கிராப் வரலை சார், வந்து ரிப்பேர் பண்ணிக் கொடுங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன். படத்தில் முதல் நாள் ராத்திரி 11.40 வரைக்கும் கோடு இருக்கிறது. அதற்கப்புறம் நான் போய் நின்ற மதியம் வரை வெறும் கட்டம்.

மேனேஜர் கதையைச் சொன்னார். ராத்திரி ஷிப்டில் ஒரே ஒரு ஆபரேட்டர். டிப்ளமோ படித்த பையன், காண்டிராக்டில் இருப்பவன். முக்கியமான ஒரு விலைப்புள்ளி நள்ளிரவில் வாடிக்கையாளருக்கு மெயிலில் போக வேண்டியது, காலை பத்து மணி கெடு. போய்ச் சேரவில்லை. காலையில் வந்து பார்த்தால் படம் 11.40-லிருந்து காலி. "பையன் எதையோ நோண்டிச் சர்வரை நிறுத்திட்டுத் தூங்கிட்டான் சார். காலையில நாங்க ரீஸ்டார்ட் பண்ணினோம், மெயில் ஓட ஆரம்பிச்சுது. கிராப் மட்டும் இன்னும் வரலை." பையனுக்கு மெமோ கொடுத்தாகிவிட்டது. மூன்று நாளில் விளக்கம் எழுத வேண்டும். காண்டிராக்ட் ஆளுக்கு மெமோ என்றால் அடுத்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். அவன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது அவர்கள் அலுவலகத்திலேயே முன்பு யாரோ எழுதிவைத்த ஒரு பெர்ல் நிரல். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் லாக்கில் புதிதாக வந்த வரிகளைப் படித்து எண்ணி ஆர்ஆர்டியில் எழுதும். அதைத் திறந்து பார்த்தேன். புது வரியே இல்லையென்றால் பூஜ்யம் எழுதும். வரி இருந்து, தேதி புரியாவிட்டால் எதையும் எழுதாமல் நின்றுவிடும். ஆக, பையன் சர்வரை நிறுத்தியிருந்தால் 11.40-க்கு மேல் கோடு தரையில் ஓடியிருக்க வேண்டும். 'ஃபெட்ச்' போட்டேன். அறைகளில் பூஜ்யம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் 'தெரியாது'.

மேனேஜரிடம் கேட்டேன்: "சார், இப்ப மெயில் ஓடுதா?" "ஓடுது." "கிராப் இருக்கா?" "இல்லை." "அப்ப ராத்திரியும் அப்படியே இருந்திருக்கலாம் இல்லையா?" அவர் ஒன்றும் சொல்லவில்லை.

லாக் கோப்பைத் திறந்தோம். 11.40-க்கு மேலே உள்ள வரிகளில் பழைய தேதி வடிவம், கீழே புது வடிவம். வேறு ஊரிலிருந்து இன்னொரு குழு அன்று ராத்திரி சர்வரை மேம்படுத்தியிருக்கிறது. அதற்கான கடவுச்சொல்கூட இந்தப் பையனிடம் கிடையாது. தகவல் மெயில் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. ராத்திரி முழுக்க வரிசையாக மெயில்கள் வெற்றிகரமாகப் போனதற்கு வரிக்கு வரி சாட்சி இருந்தது.

அந்த விலைப்புள்ளி? அதன் எண்ணை வைத்துத் தேடினோம். நள்ளிரவில் அது வாடிக்கையாளரின் சர்வர் வாசல் வரை போயிருக்கிறது. அங்கே 452 என்று பதில். பெட்டி நிரம்பியிருக்கிறது, அப்புறம் வா என்று அர்த்தம். அவர்களுடைய சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ். 1998-ல் ஐபிஎம் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தபோது வீட்சே வெனெமா எழுதி வெளியிட்டது. இப்படி 'அப்புறம் வா' என்றால் அது விட்டுவிட்டு மறுபடி மறுபடி போய்ப் பார்க்கும், மாற்றாவிட்டால் ஐந்து நாள் வரை விடாது. ஆனால் தாமதமாகிறது என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டுமானால் நாம்தான் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், தானாகச் சொல்லாது. அங்கே யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் பெட்டியைக் காலி செய்த பிறகு, பத்து மணிக் கெடு தாண்டி அந்த மெயில் உள்ளே போயிருக்கிறது.

நிரலுக்குப் புதுத் தேதியைக் கற்றுக்கொடுப்பது இரண்டு வரி வேலை. ஆனால் அதை உடனே ஓடவிடவில்லை. புதிதாக ஓர் எண் உள்ளே போய்விட்டால், அதற்கு முந்திய நேரத்து எண்களைக் கோப்பு பிறகு ஏற்காது என்று சொன்னேன் அல்லவா? அதனால் 11.40-லிருந்து லாக்கில் இருந்ததை ஐந்து ஐந்து நிமிஷமாக எண்ணி, வரிசைப்படி உள்ளே கொடுத்தோம். பிறகு படத்தைப் புதுப்பித்தோம். காலியாக இருந்த இடம் முழுவதும் பச்சைக் கோடு எழுந்து வந்தது. அந்த ராத்திரி சர்வர் ஒரு நிமிஷம்கூட நின்றிருக்கவில்லை. தரையைத் தொட்ட ஒரே இடம், காலையில் அவர்களே ரீஸ்டார்ட் செய்த நேரம்.

மேனேஜர் நல்ல மனுஷர். மெமோவை அன்று சாயங்காலமே வாங்கிக்கொண்டார். பையனைக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போய்த் தூங்குப்பா" என்றார்.

எண் இருந்தும் படம் இல்லையென்றால்

இனி மறுபாதி. கோப்பில் எண்கள் இருக்கின்றன, படத்தில் இல்லை. இது சுலபம்.

படமே வராமல் உடைந்த சின்னம் வந்தால், வெப் சர்வர் எந்தப் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயருக்குக் கோப்பைப் படிக்கவும், தற்காலிகப் படத்தை எழுதவும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். படத்துக்குப் பதிலாகப் பெர்ல் நிரலின் உரையே திரையில் கொட்டினால், அப்பாச்சியில் சிஜிஐ வசதியை இயக்கவில்லை. கோடு இருந்து எழுத்தெல்லாம் சின்னச் சின்னப் பெட்டியாகத் தெரிந்தால், சர்வரில் எழுத்துரு நிறுவப்படவில்லை. பழைய 32 பிட் இயந்திரத்திலிருந்து கோப்பை அப்படியே 64 பிட் இயந்திரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் திறக்காது. பழைய இடத்திலேயே எக்ஸ்எம்எல் உரையாக இறக்கி, புது இடத்தில் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, காலி மாதிரி தெரிகிற ஆனால் காலி அல்லாத படம். யாரோ ஒருவரின் கடவுச்சொல் திருடுபோய், ஒரு நிமிஷத்தில் 50,000 குப்பை மெயில் போயிருக்கும். அந்த ஒரு ஊசி வானத்தைத் தொடும். வழக்கமான 200, 300 எல்லாம் அதன் காலடியில் நசுங்கித் தரையோடு தரையாகிவிடும். இடது பக்கத்து எண்களைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் ஏமாற மாட்டீர்கள்.

செய்து வைக்க வேண்டியவை

தம்பி தங்கைகளே, நாளைக்கே செய்யக்கூடிய மூன்று காரியம் சொல்கிறேன்.

முதலாவது, 'தெரியாது' என்பதற்கு ஒரு நிறம் கொடுங்கள். ஒரு மதிப்பு தெரியாததா என்று கேட்கிற வசதி ஆர்ஆர்டிடூலிலேயே உண்டு. இரண்டு வரி சேர்த்தால் போதும், எண்ணாத நேரமெல்லாம் சாம்பல் நிறப் பட்டையாக வரும். அந்த அலுவலகத்திலும் அதைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். இனி அங்கே யாரும் அதைப் பூஜ்யம் என்று படிக்க முடியாது.

இரண்டாவது, கண்காணிப்பவரையும் கண்காணியுங்கள். ஆர்ஆர்டி கோப்பு கடைசியாக எழுதிப் பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டால் யாருக்காவது தகவல் போக வேண்டும். அந்தத் தகவலை அதே மெயில் சர்வர் வழியாக அனுப்பாதீர்கள்! போனுக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, சர்வருக்கு ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன்னால் அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். டெபியன் 12-ன் தேதி மாற்றம் அதில் வெளிப்படையாக எழுதியிருந்தது. படிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களில் பலர் இன்றைக்கு மெமோவில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் மேஜைக்கு வருவது பெரும்பாலும் வரைபடம்தான், லாக் வருவதில்லை. வரைபடத்தில் ஒரு காலி இடம் வந்தால், "இது எண்ணிப் பார்த்து வந்த இல்லையா, எண்ணாமல் வந்த இல்லையா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மெயில் சர்வருக்கு மட்டும் இல்லை. மழைமானிப் பதிவேட்டுக்கும், ஆஸ்பத்திரி சார்ட்டுக்கும், வாட்டர் மீட்டர் கணக்குக்கும் அதே கேள்விதான். விடை தெரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

மாணவர்களில் யாருக்காவது இதை ஒரு செய்முறையாகச் செய்து பார்க்க ஆசை இருந்தால், ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். போஸ்ட்ஃபிக்ஸும் மெயில்கிராப்பும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. நிறுவி ஓடவிடுங்கள். பிறகு ஒருவர் ஆறு கைகளில் ஏதாவது ஒன்றை ரகசியமாக உடையுங்கள், இன்னொருவர் கண்டுபிடிக்கட்டும். ஹாஸ்டலில் ஒரு வாரத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. மாட்டிக்கொண்டால் சங்கத்தின் மூலம் எனக்கு எழுதுங்கள், என்னால் ஆனதைச் சொல்கிறேன்.